வெள்ளச் சமவெளி ஏரியில பிளாங்டன் ஆய்வு: பல ஏரியா, ஒரே ஏரியா, சேட்டிலைட்டா?

ஆத்து வெள்ளம் வந்து நிரம்புற ஏரிகள்ல பிளாங்டன், அதாவது தண்ணியில மிதந்து வாழற ரொம்பச் சின்னப் பாசியும் விலங்குகளும், அதைப் பத்தி வேலை பண்ணப் போற யாருக்கும் முதல்ல வர்ற சிக்கல் இதுதான். கையில இருக்கற பணமும் ஆளும் ஒரு வருஷத்துக்குத்தான் தாங்கும், அதை வச்சு இருபது முப்பது ஏரியை ஒரு ரவுண்டு பாத்துட்டு வர்றதா, நாலஞ்சு ஏரியை சீசனுக்கு ஒரு தடவை பாக்கறதா, இல்ல ஒரே ஏரியில வருஷம் பூரா உக்காந்துடறதா, இப்போ கூடவே சேட்டிலைட் படமும் இலவசமா கிடைக்குதே அதை மட்டும் வச்சே முடிச்சுடலாமான்னு. இந்த நாலையும் அமேசானை வச்சுப் பேசறேன், வெப்பமண்டல வெள்ளச் சமவெளி ஏரிகளைப் பத்தி ரொம்ப ஆழமா வேலை நடந்த இடங்கள்ல அது ஒண்ணு, நடுவுல பிரேசிலோட தெற்குல ஓடற பரானா ஆறும் வரும், கடைசியில அசாம் பீல்களுக்கும் வரேன், அங்க வெள்ளச் சமவெளி ஏரிக்கு பீல்னு பேரு. என் முடிவை இப்பவே சொல்லிடறேன்: ஒரு வருஷ காசுதான் இருக்குன்னா ஒரே ஏரி, 15 நாளுக்கு ஒரு தடவை. அது எங்க செல்லாதுங்கறதையும் சேத்தே சொல்றேன்.

முதல்ல அந்தத் தண்ணி என்ன பண்ணுதுன்னு பாக்கணும். பிரேசில்ல அமேசான் காட்டுக்கு நடுவுல இருக்கற நகரம் மனாஸ், அதோட துறைமுகத்துல அமேசானோட கிளை ஆறான ரியோ நெக்ரோவோட நீர்மட்டத்தை 1902ல இருந்து எழுதி வச்சிருக்காங்க, வருஷத்துக்கு சராசரியா 10 மீட்டர் ஏறி இறங்குது, மூணு மாடிக் கட்டடம் அளவு உயரம். ஜூன் வாக்குல உச்சம், அக்டோபர் நவம்பர்ல அடிமட்டம். 2021 ஜூன்ல 30.02 மீட்டர் வரைக்கும் போச்சு, 2023 அக்டோபர்ல 12.70க்கு இறங்குச்சு, அடுத்த வருஷமே அதுக்கும் கீழ போச்சு. அங்க இருக்கற ஜனங்க வருஷத்தை ஏறுற தண்ணி, நிறைஞ்ச தண்ணி, வடியிற தண்ணி, வறண்ட தண்ணின்னு நாலாப் பிரிச்சுத்தான் பேசுவாங்க, பயிர் வைக்கறது மீன் பிடிக்கறது வீட்டுத் தரையை உசத்திப் போடறது எல்லாமே அந்தக் கணக்குலதான். மனகாபுரு பக்கத்துல இருக்கற கலாடோ ஏரி, ஜான் மெலாக்கும் அவரோட சேந்தவங்களும் வருஷக்கணக்கா வேலை பண்ண ஏரி, வறண்ட காலத்துல ஒரு மீட்டர் ஆழத்துக்கு வந்துடும், வெள்ளத்துல பதினோரு பன்னெண்டு மீட்டர். ஒரே பேரு, ஒரே இடம், ஆனா பிளாங்டனுக்கு அது ரெண்டு வேற ஏரி. 1989ல யுங்க், பேய்லி, ஸ்பார்க்ஸ் மூணு பேரும் வெள்ளத் துடிப்புன்னு ஒரு கருத்தை எழுதினாங்க, இந்த ஏத்த இறக்கம்தான் ஆத்துக்கும் சமவெளிக்கும் நடுவுல எல்லாத்தையும் ஓட்டற விசைன்னு, அதுக்கப்புறம் இந்தத் துறையில வந்த எதையும் அதை ஒதுக்கிட்டுப் படிக்க முடியாது.

ஏறுற தண்ணியில சோலிமோயெஸ் ஆத்தோட (மனாஸுக்கு மேல அமேசானுக்கு அதான் பேரு) சேறு உள்ள வருது, ஆண்டிஸ் மலையில இருந்து அரிச்சு வந்த மண்ணு, கூடவே பாஸ்பரஸ் நைட்ரஜன் எல்லாம். சத்து நிறைய, வெளிச்சம் இல்ல, தெளிவை அளக்கற செக்கி டிஸ்க்குங்கற வட்டத் தட்டை இறக்கினா ஒரு ஜாண்லயே மறைஞ்சுடும். அப்புறம் தண்ணி ஏரிக்குள்ள போய் நின்னதும் சேறு மெல்ல அடியில படியும், மேல தெளிவு வரும், அப்பத்தான் பாசி எழும்பும். நிறைஞ்ச தண்ணியில ஆழம் அதிகம், அடியில ஆக்சிஜன் இல்ல, பாசியும் சரி விலங்குப் பிளாங்டனும் சரி பெரிய கொள்ளளவுல கலந்து நீர்த்துப் போய் எண்ணிக்கை குறைவாத் தெரியும். வடியறப்போ எல்லாம் சுருங்கி அடர்த்தி ஏறும். வறண்ட காலத்துல காத்து அடிச்சாலே அடிச்சேறு மேல வந்துடும், ராத்திரி தண்ணி குளுந்து அடிவரைக்கும் கலந்துடும், அடியில தேங்கின சத்து தினமும் மேல வரும், குளோரோஃபில் உச்சத்துக்குப் போறதும் சயனோபாக்டீரியாங்கற நீலப்பச்சைப் பாசி மேல மிதக்கறதும் பெரும்பாலும் அப்பத்தான். இதை மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொரு வழியா பாப்போம்.

பல ஏரியை ஒரு தடவை பாக்கறதுல இருக்கற கவர்ச்சி எனக்கும் புரியுது. அமேசான்ல வெள்ளைத் தண்ணி, கருப்புத் தண்ணி, தெளிஞ்ச தண்ணின்னு மூணு வகை ஆறு இருக்கு, சியோலிங்கற ஆராய்ச்சியாளர் பிரிச்சு வச்சது, சோலிமோயெஸும் மதெய்ராவும் சேறு தூக்கிட்டு வர்ற வெள்ளை, நெக்ரோ தேயிலைச் சாயம் மாதிரி நிறம், அமிலத்தன்மை அதிகம், தப்பஜோஸும் த்ரொம்பெத்தாஸும் தெளிவு. இந்த மூணு வகையிலயும் பத்துப் பத்து ஏரின்னு எடுத்தா டெஸ்மிட்ங்கற பச்சைப் பாசி எங்க அதிகம், கண்ணாடி மாதிரி ஓடு இருக்கற டயாட்டம் பாசி எங்க அதிகம், ரொம்பச் சின்ன விலங்குப் பிளாங்டனான ரோட்டிஃபர்ல எது எந்தத் தண்ணியை விரும்புதுன்னு ஒரு நல்ல படம் கிடைக்கும். உங்க கேள்வி இனங்களோட பட்டியல் பத்தினதுன்னா, எங்க என்ன வாழுதுங்கறது மட்டும்தான் வேணும்னா, இதுதான் சரியான வழி, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

ஆனா எந்த மாசத்துல போவீங்க? இங்கதான் நிறைய ஆய்வுகள் வழுக்கிடுது. தோமாஸ், பினி, போசெல்லி மூணு பேரும் 2007ல வெளியிட்ட கட்டுரை ஒண்ணு இருக்கு, பரானா மாதிரியான இடங்கள்ல இருந்து வந்த தரவுகளைச் சேத்துப் பாத்து சொன்னது: வெள்ளம் வர்றப்போ ஏரிகள் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போயிடுது, வடிஞ்சு தனித்தனியா பிரிஞ்சதும் ஒவ்வொரு ஏரியும் தன் போக்குல வேற வேற ஆகுது. யோசிச்சா நியாயம்தான், வெள்ளத்துல எல்லாம் ஒரே ஆத்துத் தண்ணி, வறட்சியில ஒரு ஏரியில மீன் அதிகம், இன்னொண்ணுல புல் அதிகம், இன்னொண்ணுல மாடு இறங்கும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கறதுகூட சேந்துக்கும். ஸோ முப்பது ஏரியை ஜூன்ல பாத்தவரு ஏரிகளுக்குள்ள பெருசா வித்தியாசமே இல்லைன்னு எழுதுவாரு, அதே முப்பதை நவம்பர்ல பாத்தவரு ஒவ்வொண்ணும் தனி உலகம்னு எழுதுவாரு, ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஒரே ஒரு ரவுண்டுல எடுத்த தரவுல இருந்து இது ஏரியோட குணமா மாசத்தோட குணமான்னு பிரிக்கவே முடியாது, எந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸாலயும் முடியாது, ஏன்னா அந்தத் தகவல் தரவுக்குள்ளயே இல்ல.

சரி, அப்போ நாலஞ்சு ஏரி, சீசனுக்கு ஒரு தடவை. இது எல்லாருக்கும் பிடிச்ச நடுவழி, ப்ராஜெக்ட் ப்ரொபோசல்ல பாக்க அழகா இருக்கும், கைடும் சட்டுனு சரின்னுடுவாங்க. மேல் பரானாவுல மரிங்கா பல்கலைக்கழகத்தோட நுபேலியாங்கற ஆராய்ச்சிக் குழு 2000ல இருந்து நீண்டகாலத் திட்டமா கிட்டத்தட்ட இப்படித்தான், மூணு மாசத்துக்கு ஒரு தடவைங்கற கணக்குல பண்ணிட்டு வர்றாங்க, அதுல இருந்து அருமையான முடிவுகள் வந்திருக்கு. 1998 கடைசியில மேல போர்த்தோ பிரிமவேரா அணையை மூடினதும் சேறும் சத்தும் அணைக்குள்ளயே தங்கிடுச்சு, கீழ வர்ற தண்ணி தெளிஞ்சு போச்சு, வெள்ளத்தோட உயரமும் காலமும் மாறிடுச்சு, அதுக்குப் பிளாங்டன் எப்படி வளைஞ்சு கொடுத்துச்சுன்னு சொல்ல அந்த நீண்ட வரிசை இருந்ததாலதான் முடிஞ்சது. ஆனா கவனிங்க, அங்க அது வேலை செய்யறதுக்குக் காரணம் வருஷங்கள். இருபது வருஷத்துக்கு நாலு நாலுன்னா 80 புள்ளி. உங்ககிட்ட ஒரு வருஷம்தான் இருக்குன்னா வெள்ளத்துக்கு ஒரு நாள், வறட்சிக்கு ஒரு நாள், அவ்வளவுதான்.

அந்த ஒரு நாள் எவ்வளவு நம்பகம்? 28, 30 டிகிரி தண்ணியில ஒரு ரோட்டிஃபர் பொறந்து வளந்து முட்டை போட ரெண்டு மூணு நாள் போதும், பாசி அதுக்கும் வேகம். நீங்க போறதுக்கு முந்தின வாரம் ஒரு பெரிய எழுச்சி வந்து அடங்கியிருக்கலாம், போயிட்டு வந்த மறுவாரம் வரலாம், மூணு மாச இடைவெளியில அது தெரிய வழியே இல்ல. கூடவே இன்னொரு சிக்கல், எல்லா ஏரியும் ஒரே நாள்ல ஆத்தோட சேராது, வாய்க்கால் மேட்டோட உயரத்தைப் பொறுத்து ஒண்ணுல ஜனவரியிலயே தண்ணி நுழைஞ்சிருக்கும், பக்கத்து ஏரியில ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு. நீங்க ரெண்டுக்கும் ஏறுற தண்ணின்னு ஒரே லேபிள் ஒட்டி ஒரே கட்டத்துல போட்டுடுவீங்க. அதனால இந்த வழியை எடுக்கறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், காலண்டர்ல மாசத்தை வச்சு டிரிப் போடாதீங்க, ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு அளவுகோல் நட்டு, ஆத்தோட சேந்து எத்தனை நாள் ஆச்சுங்கறதை எழுதுங்க. அது இருந்தா தரவு பாதியாவது பிழைக்கும்.

சேட்டிலைட் பத்தி சுருக்கமா. சென்டினல்-2 அஞ்சு நாளுக்கு ஒரு தடவை 10, 20 மீட்டர் பிக்சல்ல படம் தருது, லேண்ட்சாட் ஒவ்வொரு சேட்டிலைட்டும் 16 நாளுக்கு ஒரு தடவை 30 மீட்டர்ல. ஓபிதோஸ் பக்கத்துல இருக்கற குருவாயி மாதிரி பரந்து கிடக்கற ஏரித்தொகுதிக்கு, படகுல போய் முழுசாப் பாக்கவே முடியாத இடத்துக்கு, இது பெரிய வரம், அங்க இதை வச்சு நல்ல வேலைகள் நடந்திருக்கு. ஆனா சேறு நிறைஞ்ச தண்ணியில குளோரோஃபில்லோட பச்சை சிக்னலை சேறு அமுக்கிடும், கருப்புத் தண்ணியில வெளிச்சமே திரும்பி வராது, மழைக்காலம் முழுக்க மேகம். எல்லாத்துக்கும் மேல, படம் பாசி எவ்வளவுன்னு சொல்லும், எந்தப் பாசின்னு சொல்லாது, ரோட்டிஃபரையும், கோப்பிபாடுங்கற குட்டி ஓட்டு உயிரையும் அது பாக்கவே பாக்காது. துணைக்கு வச்சுக்கலாம், முழு ஆய்வையும் அது மேல நிறுத்தக் கூடாது.

இப்போ ஒரே ஏரி. இதுக்கு எதிரா வர்ற வாதம் பலமானது, அதை மழுப்பக் கூடாது: ஒரு ஏரியில பாத்ததை வச்சு மத்த ஏரிகளைப் பத்திப் பேச முடியாது, ஒரே ஏரிக்குள்ள பத்து இடத்துல எடுத்தாலும் அது பத்து ஏரி ஆகாது, அப்படி எண்ணிக்கை காட்டினா ரிவ்யூவர் சரியாவே திருப்பி அனுப்புவாரு. ஆனா இதுல கிடைக்கறது வேற எதுலயும் கிடைக்காது, அதுதான் காரணத்தோட வரிசை. சேறு எந்த வாரம் படிஞ்சது, எத்தனை நாள் கழிச்சு பாசி எழும்புச்சு, அதுக்குப் பின்னால ரோட்டிஃபர் எப்ப ஏறுச்சு, கோப்பிபாட் எப்ப வந்துச்சு, மீன்குஞ்சு உள்ள வந்ததும் கிளாடோசெராங்கற நீர்த்தெள்ளுல பெருசு எல்லாம் எப்படிக் காணாமப் போச்சு. ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடிங்கறது தெரிஞ்சாத்தான் எது எதைத் தள்ளுதுன்னு பேசவே முடியும். கலாடோவுல தண்ணி எவ்வளவு ஆழம் வரைக்கும் எத்தனை தடவை கலக்குதுன்னு மெக்கின்டயரும் மெலாக்கும் தொடர்ந்து அளந்து 1988ல எழுதினதாலதான் பாசியோட ஏத்த இறக்கத்தை நம்மால படிக்க முடியுது.

ஃப்ரியாஜெம்னு ஒண்ணு இருக்கு, மே ஜூன் ஜூலையில தெற்குல இருந்து குளிர்காத்து அமேசானுக்குள்ள நுழையும், ரெண்டு மூணு நாள்தான் இருக்கும், மேல் தண்ணி குளுந்து கீழ இறங்க, அடியில ஆக்சிஜன் இல்லாம கிடந்த தண்ணி ஹைட்ரஜன் சல்ஃபைடோட மேல வந்து மீன் செத்து மிதக்கும். சீசனுக்கு ஒரு தடவை போறவங்களுக்கு அது வெறும் கேள்விப்பட்ட செய்தி. வறட்சியிலயும் இதே கதைதான், 2023 செப்டம்பர் அக்டோபர்ல தெஃபே ஏரித் தண்ணி 39 டிகிரியைத் தாண்டி சூடேறி 200க்கும் மேல டால்ஃபின்கள் செத்துப் போச்சு, ஏரியில செவப்பா யூக்ளினா படர்ந்தது, அப்போ பக்கத்துலயே மமிராவா ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க இருந்ததாலதான் என்ன நடக்குதுன்னு அன்னன்னைக்கு அளக்க முடிஞ்சது. இனி இந்த மாதிரி வருஷங்கள் அதிகமாத்தான் வரும், அந்த நேரத்துல ஏரிக்கரையில ஒருத்தர் இருக்கறது எவ்வளவு முக்கியம்னு நினைச்சாலே மனசு அடிச்சுக்குது.

ஒத்தை ஏரிங்கற குறையை ஓரளவு குறைக்கவும் வழி உண்டு, ஏரிக்குள்ளயே ஒரு எதிர்நிலை இருக்கற ஏரியாப் பாத்து எடுக்கறது. த்ரொம்பெத்தாஸ் ஆத்தங்கரையில பத்தாத்தா ஏரி இருக்கு, 1979ல இருந்து 1989 வரைக்கும் பாக்சைட் சுரங்கத்தோட கழிவுச்சேறு அதுல கொட்டப்பட்டு ஏரியில கிட்டத்தட்ட 30 சதவீதம் பாதிப்பு. ஒரே ஏரியில சேறு படிஞ்ச பக்கம், படியாத பக்கம்னு ரெண்டு ஸ்டேஷன் வச்சு பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கா பாத்தாங்க, தண்ணி வத்தினதும் காத்துல அந்தச் சேறு எழும்பி வெளிச்சத்தை மறைக்கறதும், வெள்ளத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணாகறதும் அதுல தெளிவாத் தெரிஞ்சது. உங்க ஏரியில வாய்க்கால் முகம் ஒண்ணு, நடு ஏரி ஒண்ணு, மிதக்கற புல்லோட ஓரம் ஒண்ணுன்னு மூணு இடம் வச்சீங்கன்னா போதும்.

அந்தப் புல் ஓரத்தை விட்டுடாதீங்கன்னு அழுத்திச் சொல்றேன். வார்சேயாவுல, அதாவது வெள்ளைத் தண்ணி ஆத்தோட வெள்ளச் சமவெளியில, எக்கினோக்ளோவா பாலிஸ்டாக்கியாங்கற புல் வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 100 டன் பக்கம் உலர்எடை வளருது, உலகத்துலயே அதிக விளைச்சல் தர்ற இயற்கைச் செடிகள்ல ஒண்ணு. பாக்கறவங்களுக்கு அந்த ஏரியோட உணவே இந்தப் புல்தான்னு தோணும். ஆனா 1986ல அராவ்ஜோ-லிமா குழுவும் 1993ல ஃபோர்ஸ்பெர்க் குழுவும் கார்பன் ஐசோடோப் வச்சுப் பாத்தப்போ, மீனோட உடம்புல இந்தப் புல்லோட கார்பன் ரொம்பக் கொஞ்சம், கண்ணுக்கே தெரியாத பாசியோட பங்கு அதோட அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவு பெருசு. ஓரினோகோ சமவெளியிலயும் லூயிஸ் குழு 2001ல இதையேதான் சொன்னாங்க. தம்பாக்கிங்கற பெரிய மீனு வெள்ளத்துல காட்டுக்குள்ள போய் பழமும் விதையும் தின்னும், தண்ணி வடிஞ்சு ஏரியில மாட்டினதும் நெருக்கமான செவுள்முள்ளை வச்சு பிளாங்டனைச் சலிச்சுத் தின்னும். மப்பாரா கெளுத்திக்கு எப்பவுமே பிளாங்டன்தான். மனாஸ் சந்தையில விக்கற மீனுக்குப் பின்னால ஒரு சொட்டுத் தண்ணியில இருக்கற இந்த உயிர்கள் இருக்குன்னா, அதைச் சரியான நேரத்துல எண்ணறது எவ்வளவு பெரிய வேலைன்னு பாருங்க.

எந்த வழியை எடுத்தாலும் கருவி பத்தி ஒண்ணு. பாசிக்கு வலையை நம்பாதீங்க, 20 மைக்ரான் வலை போட்டா சின்னப் பாசி எல்லாம் ஓடிப்போயிடும், சேத்துத் தண்ணியில வலைக்கண் அடைச்சுக்கும், எவ்வளவு தண்ணி உள்ள போச்சுன்னே தெரியாது. பாட்டில்ல தண்ணி எடுத்து லூகால்ங்கற அயோடின் கரைசல் விட்டு, ஊட்டர்மோல் முறையில அடியில படிய வச்சு தலைகீழ் மைக்ராஸ்கோப்புல எண்ணுங்க. விலங்குப் பிளாங்டனுக்கு 50ல இருந்து 70 மைக்ரான் வலை, ஆனா வலையை இழுக்கறதை விட வாளியாலயோ பம்பாலயோ அளந்த தண்ணியை அதுல ஊத்தறது நல்லது, பரானாவுல மோட்டார் பம்ப் வச்சு நூத்துக்கணக்கான லிட்டர் வடிகட்டறாங்க. கடல் ஆய்வுல பழக்கமான 200 மைக்ரான் வலையைக் கொண்டு போனா ரோட்டிஃபர் கிட்டத்தட்ட மொத்தமும் போயிடும், இந்த ஏரிகள்ல ரோட்டிஃபர்தான் எண்ணிக்கையில பெரும்பாலும் முன்னணி.

செலவுன்னதும் எல்லாரும் படகு டீசலைத்தான் நினைக்கறாங்க, நிஜமாவே ஆளைச் சாப்பிடறது மைக்ராஸ்கோப் முன்னாடி உக்கார்ற நேரம். 24 தடவை, மூணு இடம், 72 சாம்பிள், ஒவ்வொரு பாசி சாம்பிளுக்கும் அரை நாள்னு வச்சாலும் 36 முழு நாள், விலங்குப் பிளாங்டனுக்கு அதே அளவு தனியா. முப்பது ஏரிக்கும் ஏரிக்கு ரெண்டு மூணு இடம்னு வச்சா கிட்டத்தட்ட இதே கணக்கு வந்துடும், ஆனா அங்க ஒவ்வொரு ஏரியிலயும் புதுப் புது இனமா வரும், அடையாளம் காணவே நேரம் இழுக்கும். ஒரே ஏரியில ரெண்டு மூணு மாசத்துல அங்க இருக்கற இனங்கள் கண்ணுக்குப் பழகிடும், வேகமும் கூடும், தப்பும் குறையும். ஒத்தை ஆளா வேலை பண்ற மாணவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

நம்ம ஊரு மாணவர்கள் அசாம் பக்கம் போனா இதே முடிவு செல்லுமான்னா, திறந்த பீலுக்கு செல்லும். பிரம்மபுத்திராவோட நேரா சேந்திருக்கற பீல்கள்ல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இதே ஏத்த இறக்கம் உண்டு, உயரம் குறைவு அவ்வளவுதான். அங்க பட்டியல் வேலை ஏற்கனவே நல்லாவே நடந்திருக்கு, ஷில்லாங் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்து பி.கே.ஷர்மா ரோட்டிஃபர்களைப் பத்தி எழுதினதை எடுத்துப் பாருங்க, எவ்வளவு வகைன்னு மலைச்சுப் போவீங்க. அதனால இன்னொரு பட்டியலை விட நேர வரிசைதான் அங்க இப்போ தேவை. ஆனா கரை போட்டு ஆத்தைத் துண்டிச்ச மூடின பீல்கள்ல கதை வேற, அங்க வெள்ளத் துடிப்பு செத்துப் போச்சு, மழையும் ஆகாயத்தாமரையும்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. கரை போட்டது பிளாங்டனை என்ன பண்ணுச்சுங்கறதுதான் உங்க கேள்வின்னா ஒரு ஏரி போதாது, திறந்ததுல நாலஞ்சு மூடினதுல நாலஞ்சுன்னு எடுத்து வறண்ட காலத்துலயும் வெள்ளத்துலயும் பாருங்க, இங்க மட்டும் நடுவழிதான் என் ஓட்டு.

அமேசான்ல ஆரம்பிக்கறவங்க அக்டோபர்ல, தண்ணி அடிமட்டத்துல இருக்கறப்போ ஆரம்பிங்க, அடுத்த நவம்பர் வரைக்கும் ஓட்டுங்க, அப்பத்தான் முதல் நாள் ஆத்துத் தண்ணி நுழையறதும் கிடைக்கும், ரெண்டு வறட்சியை ஒப்பிடவும் முடியும். நடுவுல காசு குறைஞ்சு சில டிரிப்பை வெட்டியே ஆகணும்னா நிறைஞ்ச தண்ணி மாசங்கள்ல வெட்டுங்க, அப்போ மாற்றம் மெதுவா நடக்கும், மாசத்துக்கு ஒண்ணு போதும், குளிர்காத்து வந்த வாரம் மட்டும் எப்படியாவது போயிடுங்க. சேறு நுழையற முதல் ஆறு வாரத்தையும் தண்ணி வடியிற கடைசி ரெண்டு மாசத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீங்க, முடிஞ்சா அப்போ 15 நாளை வாரம் ஒண்ணாக்குங்க.